தலைகொண்ட கல்லும் எண்ணெய்ச் சீட்டும்

திருச்சுழிக்குப் பக்கத்தில், குண்டாற்றங்கரையில் இருக்கிறது பள்ளிமடம். அங்குள்ள காளைநாதர் கோயில் ஒரு காலத்தில் பள்ளிப்படை. இறந்துபோன சுந்தரபாண்டியன் என்ற அரசகுலத்தான் நினைவாக எழுந்தது. பருத்திக்குடி நாட்டுத் திருச்சுழியலில் உள்ள சுந்தரபாண்டிய ஈஸ்வரம் என்று கல்வெட்டுகள் அதைச் சொல்கின்றன. 10ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டை ஆண்ட வீரபாண்டியனின் பெயரும் அந்தக் கற்களில் வருகிறது. பெயருக்கு முன்னால் ஓர் அடைமொழி: ‘சோழன் தலைகொண்ட.’

அதே தலைமுறையில், காவிரிக்கரைப் பக்கம், ஆதித்த கரிகாலனின் கல்வெட்டுகளிலும் ஓர் அடைமொழி உண்டு. ‘வீரபாண்டியன் தலைகொண்ட.’

யார் யாருடைய தலையைக் கொண்டார்கள்? பாண்டியன் கொண்டது எந்தச் சோழனின் தலை என்பதில் ஆய்வாளர்கள் இன்றுவரை ஒன்றுபடவில்லை. கண்டராதித்தன் என்பவர்கள் உண்டு. உத்தமசீலி என்ற இளவரசன் என்பவர்கள் உண்டு. தலைகொள்வது என்றால் பணியவைப்பதுதான், வெட்டுவது அல்ல என்று வாதிடுவோரும் உண்டு. சோழன் கொண்ட தலைக்குச் சாட்சியாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு இருக்கிறது. ஆனால் அதை வெளியிட்டவன் ராஜேந்திரன். ஆதித்த கரிகாலன் அவனுக்குப் பெரியப்பா. வென்ற வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டுப் பெருமையைத் தாங்களே எழுதிவைத்த பத்திரம் அது.

இப்படி இரண்டு கற்களை எதிரும் புதிருமாக வைத்துப் படித்துப் பழகியவர்களுக்கு, பழைய இஸ்ரவேல் நாடுகளின் வரலாறு அவ்வளவு அந்நியமாகப் படாது. அங்கும் சிக்கல் இதேதான்.

1868இல் இன்றைய ஜோர்டானில், சாக்கடலுக்குக் கிழக்கே தீபான் என்ற ஊரில், கிளைன் என்ற கிறிஸ்தவ மிஷனரி ஒரு கருங்கல்லைப் பார்த்தார். பழைய எபிரேயத்துக்கு மிக நெருங்கிய மொழியில் 34 வரிகள். கல்லை வாங்க ஐரோப்பியர்கள் போட்டி போட்டார்கள். அந்தச் சச்சரவில் உள்ளூர்ப் பழங்குடியினர் அதை உடைத்தே போட்டுவிட்டார்கள். நல்லவேளை, பிரெஞ்சுத் தூதரகத்தில் இருந்த கிளேர்மோன் கன்னோ அதற்குள் ஈரத்தாளை ஒற்றிப் படி எடுக்க ஏற்பாடு செய்திருந்தார். படியையும் சேகரித்த துண்டுகளையும் வைத்து ஒட்டிய கல் இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதைப் பொறித்தவன் மோவாப் நாட்டு மன்னன் மேசா. காலம் கி.மு. 9ஆம் நூற்றாண்டு. இஸ்ரவேலின் மன்னன் உம்ரி மோவாபை நெடுநாள் ஒடுக்கினான். தங்கள் தெய்வம் காமோஸ் தன் நாட்டின்மேல் கோபமாக இருந்ததே காரணம். பிறகு கோபம் தணிந்து தெய்வம் தன் பக்கம் நின்றது. ஊர் ஊராக மீட்டேன். இஸ்ரவேல் என்றென்றைக்குமாக ஒழிந்தது. இதுதான் கல் சொல்லும் கதை.

அதே மேசா பைபிளில் இராஜாக்களின் இரண்டாம் புத்தகத்தில், 3ஆம் அதிகாரத்தில் வருகிறான். அங்கே அவன் ஆட்டு மந்தைகளை உடையவன். இஸ்ரவேல் மன்னனுக்கு ஒரு லட்சம் ஆட்டுக்குட்டிகளும் ஒரு லட்சம் ஆட்டுக்கடாக்களின் மயிரும் கப்பமாகக் கட்டிவந்தவன். ஆகாப் இறந்ததும் கப்பத்தை நிறுத்திவிடுகிறான். இஸ்ரவேல், யூதா, ஏதோம் மூன்றும் சேர்ந்து படையெடுக்கின்றன. மோவாபின் ஊர்கள் இடிக்கப்படுகின்றன, கிணறுகள் தூர்க்கப்படுகின்றன. கடைசியில் மோவாப் மன்னன் மதில்மேல் தன் மூத்த மகனைப் பலி கொடுக்க, இஸ்ரவேலர் திரும்பிப் போய்விடுகிறார்கள். வென்றவர்கள் ஏன் திரும்பினார்கள் என்பதை அந்தப் புத்தகம் மழுப்பிவிடுகிறது. மேசாவின் கல்லோ இந்தப் படையெடுப்பைப் பற்றி மூச்சுவிடவில்லை.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் தெரிவது இவ்வளவு: உம்ரி வீட்டார் சில காலம் மோவாபிடம் கப்பம் வாங்கினார்கள், பிறகு மோவாப் பிடுங்கிக்கொண்டது. மற்றதெல்லாம் தலைகொண்ட கதை. ‘என்றென்றைக்குமாக ஒழிந்த’ இஸ்ரவேல் அதற்குப் பிறகு 100 ஆண்டுக்கு மேல் இருந்தது.

தமிழில் இந்த விஷயத்தை எழுதப் புகுகிறவர்கள் சாலொமோனின் கப்பலில் போன மயிலைப் பிடித்துக்கொண்டு நேராகப் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்துவிடுவது வழக்கம். அந்த மயிலை இங்கே விட்டுவிடலாம். அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமைக்கும் அந்த இஸ்ரவேல் மேட்டுநாட்டுக்கும் உள்ள நெருக்கம் கடல் வழியாக வந்தது அல்ல. இரண்டும் வானம் பார்த்த பூமி என்பதால் வந்தது.

விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. எருசலேமில் 550 அளவு. தெற்கே பெயெர்செபாவுக்குப் போனால் 200தான். எண்ணிக்கையில் நாம் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் அங்கே மழை குளிர்காலத்தில் விழுகிறது, ஆவியாகிப் போவது குறைவு. இங்கே ஐப்பசி, கார்த்திகை மழையைத் தேக்காவிட்டால் பங்குனி வெயிலில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் கண்மாய், ஊருணி, வரத்துக்கால், மடை, கலுங்கு என்று இந்தச் சீமையின் ஊரமைப்பே தண்ணீரைச் சுற்றி அமைந்தது. அங்கே மலைச்சரிவு. ஏரி கட்டச் சமதரை இல்லை. சரிவில் கல் அடுக்கிப் படிப்படியாக வயல் எடுத்தார்கள். பாறையைக் குடைந்து, சுண்ணாம்பு பூசி, வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி வைத்தார்கள்.

மேசாவின் கல்லில் பெருமைக்கு நடுவே இந்தத் தொட்டியும் வருகிறது. நகருக்குள் தொட்டி இல்லை, ஆகையால் ஒவ்வொருவனும் தன் வீட்டில் தொட்டி வெட்டிக்கொள்ளவேண்டும் என்று மக்களுக்குக் கட்டளையிட்டேன் என்கிறான். 2001இல் தமிழ்நாட்டு அரசு வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு என்று கிளம்பியதற்கு ஏறத்தாழ 2,850 ஆண்டு முந்திய உத்தரவு. தலை எண்ணிக்கையில் அவன் கூட்டிச் சொல்லியிருக்கலாம். தொட்டி விஷயத்தில் பொய் சொல்ல அவனுக்குக் காரணம் ஏதும் இல்லை.

அந்தப் படையெடுப்புக் கதையிலேயே தண்ணீர் இன்னொரு வகையில் வருகிறது. ஏதோம் வனாந்தரத்தைச் சுற்றி ஏழு நாள் நடந்த மூன்று படைகளுக்கும் குடிக்கத் தண்ணீர் இல்லை. பள்ளத்தாக்கில் வாய்க்கால்களை வெட்டுங்கள், காற்றும் மழையும் காணமாட்டீர்கள், ஆனாலும் பள்ளத்தாக்கு தண்ணீரால் நிரம்பும் என்று தீர்க்கதரிசி எலிசா சொல்கிறார். காலையில் ஏதோம் பக்கமிருந்து தண்ணீர் வருகிறது. அற்புதம் என்று படிப்பவர்கள் படிக்கட்டும். குண்டாறு வருவதைப் பார்த்த திருச்சுழிக்காரர்களுக்கு அதன் இயல்பு புரியும். ஆண்டில் பெரும்பகுதி அது வெறும் மணல். மேற்கே மலைப்பக்கம் அடித்த மழை, இங்கே ஒரு சொட்டு விழாத நாளிலும் செம்மண் நிறத்தில் நுரைத்துக்கொண்டு இறங்கும். மோவாபியர் விடியலில் அந்தத் தண்ணீரை இரத்தம்போலச் சிவப்பாகப் பார்த்து ஏமாந்தார்கள் என்கிறது கதை. எழுதியவர் காட்டாற்றைக் கண்ணால் பார்த்தவராகத்தான் இருக்கவேண்டும்.

இந்த நாடுகளின் காலவரிசையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இஸ்ரவேல் என்ற பெயர் முதலில் தெரிவது எகிப்திய மன்னன் மெர்னெப்தாவின் கல்லில்; காலம் சுமார் கி.மு. 1208, 1896இல் பிளிண்டர்ஸ் பெட்ரி கண்டெடுத்தார். இஸ்ரவேல் பாழானது, அதற்கு விதையும் இல்லை என்று அந்த மன்னனும் எழுதிவைத்தான். ஆக, அந்தப் பெயர் வரலாற்றில் நுழைவதே அழிந்துபோனதாகத்தான். தாவீது, சாலொமோன் காலம் கி.மு. 10ஆம் நூற்றாண்டு என்று கணக்கிடுகிறார்கள். சாலொமோனுக்குப் பின், கி.மு. 930 வாக்கில், வடக்கே இஸ்ரவேல், தெற்கே யூதா என்று இரண்டு நாடுகள். வடக்கு கி.மு. 722 வாக்கில் அசீரியரிடம் வீழ்ந்தது. தெற்கு கி.மு. 586 வாக்கில் பாபிலோனியரிடம் வீழ்ந்தது. கீழடியில் எடுத்த ஒரு மாதிரிக்குக் கிடைத்த கரிமக் காலம் கி.மு. 580 அளவில், எருசலேம் எரிந்த தலைமுறையில் வைகைக்கரையில் ஊர் இருந்தது என்று நினைவில் வைத்துக்கொண்டால் காலம் பிடிபடும்.

வடக்கு மழை பெற்ற மண். திராட்சை, ஒலிவம், வணிகப்பாதை எல்லாம் அதற்குத்தான். தெற்கு ஒதுங்கிய மேடு, அதற்குக் கீழே பாலை. ஆனால் நமக்குக் கிடைத்த புத்தகம் தெற்கத்திக் கை எழுதியது. வடநாட்டு மன்னர்களில் ஒருவனுக்கும் அது நல்ல பெயர் கொடுப்பதில்லை. உம்ரி சமாரியா மலையைச் சேமேர் என்பவனிடம் இரண்டு தாலந்து வெள்ளிக்கு வாங்கித் தலைநகர் கட்டினான் என்று சொல்லி, ஆறு வசனங்களில் அவனை முடித்துவிடுகிறது. அசீரியரோ அவன் வம்சம் அழிந்து நெடுநாள் ஆன பின்னும் அந்த நாட்டை ‘உம்ரி வீடு’ என்றே அழைத்துவந்தார்கள். அருப்புக்கோட்டைப் பக்கம் இதற்கு இணை ஒன்று உண்டு. வெண்பு நாட்டுக் குறண்டித் திருக்காட்டாம்பள்ளி ஒரு காலத்தில் பெரிய சமணக் கல்விக்கூடம். அதன் பெருமையை இன்று நாம் அறிவது மதுரைக்குப் பக்கத்துக் கீழக்குயில்குடி மலையிலும் கழுகுமலையிலும் அதன் மாணாக்கர்கள் செதுக்கிவிட்டுப்போன பெயர்களிலிருந்துதான்.

உம்ரியின் மகன் ஆகாப். பைபிளில் அவன் யேசபேலின் கணவன், நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைப் பறித்தவன். அசீரிய மன்னன் மூன்றாம் சல்மனாசாரின் கல்லில் அவன் வேறு ஆள். கி.மு. 853இல் கர்கார் என்ற இடத்தில் அசீரியரை எதிர்த்து நின்ற கூட்டணியில் ஆகாபின் பங்கு 2,000 தேர்களும் 10,000 காலாட்களும் என்கிறது அந்தக் கல். தேர் எண்ணிக்கை மிகை என்று பலர் நினைக்கிறார்கள். வென்றவன் எதிரியின் பலத்தைக் கூட்டிச் சொன்னால் தன் வெற்றிக்குத்தான் மதிப்பு. அந்த வெற்றியும் சந்தேகத்துக்குரியது: முழுமையாக வென்றவன் 849, 848, 845 என்று மறுபடி மறுபடி அதே கூட்டணியோடு மோத ஏன் வரவேண்டும்? பைபிள் இந்தப் போரைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

ஆனால் பைபிளில் ஆகாபைப் பற்றி வேறொரு காட்சி இருக்கிறது. தேர்ப்படையை அளக்க அசீரியக் கல்லைவிட அதுதான் உதவும். நாட்டில் கொடும் பஞ்சம். மன்னனும் அரண்மனை விசாரிப்புக்காரன் ஒபதியாவும் நாட்டைப் பங்கிட்டுக்கொண்டு, ஒருவன் ஒரு வழியாகவும் மற்றவன் வேறு வழியாகவும் நீரூற்றும் ஓடையும் தேடிப் போகிறார்கள். எதற்கு? குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் காப்பாற்றப் புல் கிடைக்குமா என்று பார்க்க. தேர் வைத்திருப்பவனுக்குக் குதிரை வேண்டும், குதிரைக்குப் புல் வேண்டும். கரிசலில் மாடு வைத்துப் பஞ்சம் பார்த்த யாரிடமும் இதை விளக்கவேண்டியதில்லை. அரசனே புல் தேடிப் போனான் என்பதைப் புகழுக்காக யாரும் கட்டிவிடமாட்டார்கள்.

சிறிய நாடுகள் எப்போது தலைதூக்கும் என்பதிலும் இரண்டு சீமைகளுக்கும் ஒரே கணக்கு. முதலாம் பராந்தகன் ‘மதுரை கொண்ட’ பிறகு பாண்டியர்கள் ஒடுங்கிக் கிடந்தார்கள். 949இல் தக்கோலத்தில் ராஷ்டிரகூடர்கள் சோழரை அடித்தார்கள். அந்த இடைவெளியில்தான் வீரபாண்டியன் தலை நிமிர்ந்தான், பள்ளிமடத்துக் கற்களில் அவன் பெயர் ஏறியது. அசீரியா உள்சண்டையில் ஓய்ந்திருந்த கி.மு. 8ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் இரண்டாம் யெரொபெயாம் வடக்கே 41 ஆண்டு செழிப்பாக ஆண்டதும் அதே வகை. பெரியவன் திரும்பி வந்ததும் கதை முடிந்தது. ராஜராஜன் பாண்டி நாட்டுக்கு ராஜராஜப் பாண்டி மண்டலம் என்று பெயர் போட்டான். அசீரியர் இஸ்ரவேலை உடைத்து மெகிதோ, சமாரியா என்ற மாகாணங்களாக்கினார்கள்.

1993இல் இஸ்ரேலின் வடகோடியில் தேல் தாண் என்ற மேட்டில் அவ்ராகாம் பீரானின் குழு ஓர் உடைந்த கல்லைக் கண்டது. அரமேய மொழி, தமஸ்குவின் ஆசகேல் மன்னன் பொறித்தது என்பது பெரும்பாலோர் கருத்து. இஸ்ரவேல் மன்னன் ஒருவனையும் ‘தாவீதின் வீட்டு’ மன்னன் ஒருவனையும் கொன்றதாக அது சொல்கிறது. உடைந்த எழுத்துகளை நிரப்பிப் பார்த்தால் யோராம், அகசியா என்ற பெயர்கள் வருகின்றன. பைபிள் கணக்கில் இந்த இருவரையும் ஒரே நாளில் கொன்றவன் ஆசகேல் அல்ல. இஸ்ரவேல் படைத்தலைவன் யெகூ. சொந்த அரசனைக் கொன்று அரியணை ஏறியவன் அவன். ஒரே பிணத்துக்கு இரண்டு கொலைகாரர்கள் உரிமை கொண்டாடுகிறார்கள். யெகூ ஆசகேலின் ஆளாக இருந்திருப்பானோ என்று சிலர் ஊகிக்கிறார்கள். அதே யெகூவின் பெயர் கி.மு. 841இல் கப்பம் கட்டியவனாக அசீரியரின் கருந்தூணில் வருகிறது. மண்டியிட்டு நெற்றி தரையில் பட வணங்கும் ஓர் உருவமும் அங்கே செதுக்கப்பட்டிருக்கிறது.

தாவீதின் பெயர் பைபிளுக்கு வெளியே முதன்முறையாகக் கிடைத்தது தேல் தாண் கல்லில்தான். அதனால் அது பெரும் செய்தியானது. தாவீது கற்பனை என்றவர்கள் வாய் அடைத்தது. அவன் பேரரசன் என்றவர்களுக்கும் அந்தக் கல் கைகொடுக்கவில்லை: 100 ஆண்டு கழித்து ஒரு வம்சத்துக்கு அவன் பெயர் இருந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. ஆத்சோர், மெகிதோ, கேசேர் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே அமைப்பில் கோட்டைவாசல்கள் இருப்பதைக் கண்டு, இவை சாலொமோன் கட்டியவை என்று யீகாயேல் யாதீன் சொன்னார். 1996இல் இஸ்ரேல் பிங்கெல்ஸ்டைன் அந்தக் காலக்கணக்கையே அசைத்தார்: அந்தக் கட்டடங்கள் பல்லாண்டு பிந்தியவை, உம்ரி வீட்டார் கட்டியவை என்றார். அமிகாய் மசார் அதை மறுத்தார். எரிந்த தானியத்தின் கரிம அளவைக் கொண்டு சில பத்தாண்டுகளுக்காக இன்றும் சண்டை நடக்கிறது. கையில் நூலை வைத்துக்கொண்டு மண்ணைத் தோண்டுவதில் உள்ள இடர் கீழடி விவாதங்களைத் தொடர்ந்து படித்தவர்களுக்குத் தெரியும்: குழியில் ஓடு கிடைக்கும் முன்பே அதற்குச் சொல்லவேண்டிய வசனம் தயாராகிவிடுகிறது.

ஆண்டுக்கணக்கு தனித் தலைவலி. பாண்டியர் கல்வெட்டுகளில் ‘இத்தனையாவதின் எதிர் இத்தனையாவது’ என்று இரட்டை எண் வரும். அந்த எதிராண்டுக்கு என்ன பொருள் என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். மாறன், சடையன் என்று பட்டப்பெயர்கள் மாறிமாறி வருவதால் எந்தச் சடையமாறன் என்று எழுத்தமைதியை வைத்து ஊகிக்கவேண்டியிருக்கிறது. இஸ்ரவேலிலும் யூதாவிலும் ஒரே சமயத்தில் யோராம் என்ற பெயரில் ஆளுக்கொரு மன்னன் இருந்தான். அரியணை ஏறிய ஆண்டை ஒரு நாடு முதலாண்டாக எண்ணியது, மற்றது எண்ணவில்லை. இதைக்கொண்டு குழப்பத்தின் பெரும்பகுதியை எட்வின் தீல் 1951இல் அவிழ்த்துக் காட்டினார்.

போர்க்கல்லை விட்டுச் சீட்டுக்கு வரலாம். பள்ளிமடத்துக் கற்களில் தலைகொண்டது அடைமொழி மட்டுமே. கல்வெட்டின் சாரம் வேறு. கோயிலில் நொந்தா விளக்கு எரியவேண்டும், அதற்கு ஆடு கொடுக்கிறார்கள். பாண்டிய நாட்டில் ஒரு விளக்குக்கு 50 ஆடு என்பது பல கல்வெட்டுகளில் காணும் அளவு. அவை ‘சாவா மூவாப் பேராடு’. ஆடு சாகத்தான் செய்யும், கிழடும் தட்டும். ஆனால் ஈன்ற குட்டிகளைக்கொண்டு இடையர் கணக்கை நேர்செய்யவேண்டும் என்பதால் எண்ணிக்கை சாகாது, மூப்படையாது. அதற்கு ஈடாக நாள்தோறும் உழக்கு நெய் அளக்கவேண்டும். நெல் விளைந்து குவியாத சீமையில் ஆடுதான் வங்கி, நெய்தான் வட்டி. இந்த ஏற்பாட்டை வெட்டிவைத்தவர்களுக்கு யார் தலையை யார் கொண்டார்கள் என்பதைவிட, நாளைக்கு நெய் வருமா என்பதுதான் முக்கியம்.

1910இல் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு சமாரியா அரண்மனைப் பகுதியில் தோண்டியபோது இப்படிப்பட்ட கணக்குகள் கிடைத்தன. உடைந்த பானை ஓடுகளில் மையால் எழுதியவை; ஏறத்தாழ 100. பத்தாம் ஆண்டில், இன்ன ஊரிலிருந்து, இன்னாருக்கு, ஒரு ஜாடி பழைய திராட்சரசம். அல்லது ஒரு ஜாடி நல்லெண்ணெய், அதாவது முதல்தரமான ஒலிவ எண்ணெய். எந்த மன்னனின் ஆண்டு என்று எழுதவில்லை. எழுதியவருக்கும் வாங்கியவருக்கும் அது தெரிந்ததுதானே. 9, 10, 15 என்ற ஆண்டு எண்களையும் எழுத்தையும் வைத்து, பெரும்பகுதி இரண்டாம் யெரொபெயாம் காலத்தவை என்று கருதுகிறார்கள்.

பைபிள் அந்த 41 ஆண்டு ஆட்சிக்கு ஏழே வசனம் ஒதுக்குகிறது. ஓடுகளோ சமாரியாவைச் சுற்றியிருந்த சிற்றூர்களின் பெயர்களைத் தருகின்றன, எந்தக் குலம் எங்கே குடியிருந்தது என்று காட்டுகின்றன. மனிதர்களின் பெயர்களில் ஒரு பகுதி இஸ்ரவேலின் தெய்வமான யாவேயின் பெயரைச் சுமக்க, மற்றொரு பகுதி பாகாலின் பெயரைச் சுமக்கிறது. பாகால் வழிபாட்டைத் தீர்க்கதரிசிகள் திட்டித் தீர்த்தது வெறும் மேடைப்பேச்சு அல்ல என்று இந்தக் கணக்குச்சீட்டு காட்டுகிறது. அதே தலைமுறையில் ஆமோஸ் என்ற தெற்கத்தி ஆட்டிடையர் வடக்கே போய், தந்தக் கட்டில்களில் படுத்து, கிண்ணம் கிண்ணமாக மது குடித்து, உயர்ந்த எண்ணெய் பூசிக்கொள்கிறவர்களைச் சாடினார். எண்ணெயும் மதுவும் ஓட்டுக் கணக்கில் இருக்கின்றன. தந்தத்தில் செதுக்கிய தகடுகளும் சமாரியாவில் கிடைத்திருக்கின்றன. கிராமத்து ஜாடி எந்த வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஆமோசுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

சமாரியாவிலிருந்து 27,290 பேரைக் கொண்டுபோனதாக அசீரிய மன்னன் இரண்டாம் சர்கோன் எழுதிவைத்தான். அதன்பிறகு எருசலேம் திடீரென்று பெருத்தது. பழைய மதிலுக்கு வெளியே இருந்த வீடுகளை இடித்துக்கொண்டு ஏழு மீட்டர் அகலத்தில் புதிய மதில் எழுந்ததை 1970களில் நாகமான் அவிகாத் வெளிக்கொண்டுவந்தார். பெருக்கத்துக்குக் காரணம் வடக்கிலிருந்து ஓடிவந்தவர்கள் என்பது பலர் முடிவு. வடநாட்டுக் கதைகள் தெற்கத்திப் புத்தகத்துக்குள் நுழைந்ததும் அவர்கள் வழியாகத்தான் இருக்கவேண்டும்.

கூட்டம் பெருத்த ஊருக்குத் தண்ணீர் ஒரே ஊற்று, கீகோன். அதுவும் மதிலுக்கு வெளியே. எசேக்கியா மன்னன் காலத்தில் பாறையைக் குடைந்து 533 மீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் வெட்டி, ஊற்றுநீரை ஊருக்குள் சீலோவாம் குளத்துக்குக் கொண்டுவந்தார்கள். இரு முனையிலிருந்தும் இரண்டு கூட்டம் வெட்டிக்கொண்டு வந்தது. வழி நேராக இல்லை, பாம்புபோல வளைகிறது. 1880இல் அதன் சுவரில் ஆறு வரி எழுத்தை ஒரு மாணவன் பார்த்தான். இப்போது அந்தத் துண்டு இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னும் மூன்று முழம் மீதி இருக்கும்போது ஒருவரை ஒருவர் கூப்பிடும் குரல் பாறைக்குள் கேட்டது, துளை விழுந்த நாளில் கோடாரிக்கு எதிர்க்கோடாரியாக வெட்டினார்கள், தண்ணீர் 1,200 முழம் ஓடியது, தலைக்கு மேல் பாறை 100 முழ உயரம். இதைத்தான் எழுதியிருக்கிறார்கள். மன்னன் பெயர் இல்லை, தெய்வத்தின் பெயரும் இல்லை. அந்த நாட்டிலிருந்து கிடைத்த எழுத்துகளிலேயே வேலை செய்தவர்கள் வாயால் வந்தது என்று சொல்லத்தக்கது இதுதான்.

முற்றுகை கி.மு. 701இல் வந்தது. யூதாவின் 46 மதில் ஊர்களைப் பிடித்தேன், எசேக்கியாவைக் கூண்டுப்பறவைபோல எருசலேமில் அடைத்தேன் என்று அசீரிய மன்னன் சனகெரிப் எழுதினான். எருசலேமைப் பிடித்தேன் என்று மட்டும் எழுதவில்லை. பைபிள் கர்த்தருடைய தூதன் ஓர் இரவில் 1,85,000 பேரைச் சங்கரித்தான் என்கிறது. ஆனால் அதற்கு முந்தைய அதிகாரத்தில், எசேக்கியா கப்பம் கட்டினான் என்றும் இருக்கிறது: 300 தாலந்து வெள்ளி, 30 தாலந்து பொன். அசீரியர் கணக்கில் 800 தாலந்து வெள்ளி, 30 தாலந்து பொன். வெள்ளியில் இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை; பொன்னில் தாலந்து பிசகாமல் ஒத்துப்போகிறது. தேவதூதனையும் கூண்டுப்பறவையையும் விட்டுவிட்டு அந்த 30 தாலந்தை நம்பலாம். லாகீசில் அசீரியர் எரித்த மண்ணடுக்கில் கிடைத்த ஜாடிக் கைப்பிடிகளில் ‘அரசனுக்கு’ என்ற முத்திரை இருக்கிறது; முற்றுகைக்கு முன் சேமிப்பும் கணக்கும் எப்படி நடந்தன என்று அவை காட்டுகின்றன.

அடுத்த நூற்றாண்டில் அசீரியா போய் பாபிலோன் வந்தது. கி.மு. 597 மார்ச் மாதத்தில் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்ததைப் பாபிலோனிய ஆண்டுக்குறிப்பு நாள் விவரத்தோடு சொல்கிறது. 18 வயது யோயாக்கீன் மன்னன் சிறையாகப் போனான். பத்தாண்டு கழித்து நகரமும் ஆலயமும் எரிந்தன. கடைசி நாட்களில் தீர்க்கதரிசி எரேமியாவைக் காவல்முற்றத்துத் தொட்டி ஒன்றில் இறக்கினார்கள். அதில் தண்ணீர் இல்லை, சேறுதான் இருந்தது என்று அவர் புத்தகம் குறித்துவைத்திருக்கிறது.

யோயாக்கீன் என்ன ஆனான் என்பதற்கும் சீட்டுதான் சாட்சி. பாபிலோன் அரண்மனையில் ஜெர்மானியர் தோண்டி எடுத்த களிமண் பலகைகளை எர்ன்ஸ்ட் வைட்னர் 1939இல் பதிப்பித்தார். அரண்மனைச் சேமிப்பிலிருந்து யார் யாருக்கு எவ்வளவு எண்ணெய் அளந்தார்கள் என்ற பட்டியல் அவை. அவற்றில் ஒன்றின் காலம் கி.மு. 592. பீனிசியத் தச்சர், எகிப்தியக் காவலாள், கிரேக்கக் கைவினைஞர் என்று பல நாட்டார் வரிசையில் யூதா மன்னன் யோயாக்கீனும் வருகிறான். அவனுக்கு 10 சிலா எண்ணெய். அவன் மகன்கள் ஐவருக்கும் சேர்த்து இரண்டரை சிலா. ஒரு சிலா என்பது லிட்டருக்குச் சற்றுக் குறைவு. இராஜாக்களின் புத்தகமும் இந்த இடத்தில்தான் முடிகிறது: சிறைப்பட்ட 37ஆம் ஆண்டில் யோயாக்கீன் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டான், உயிரோடிருந்த நாளெல்லாம் அன்றன்றைக்கு உரிய படி அவனுக்குப் பாபிலோன் ராஜாவால் கட்டளையாகி நடந்துவந்தது என்று. அந்த விடுதலைக்குப் பல ஆண்டு முன்பே அவனுக்கு எண்ணெய் அளந்திருக்கிறார்கள். அதன் ரசீது பெர்லின் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.